கெபிக்கு மேலே ஒரு மரம்

மரம் முனகுகிறது என்று மௌரீன் முதல் தடவை சொன்னபோது புருஷன் ஆம்ப்ரோஸ் சிரித்தார். சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும், காபியை உறிஞ்சிக்கொண்டே சிரித்தார் பாருங்கள், அதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மரம்னா சத்தம் போடத்தான் செய்யும். நீ ரிடையர் ஆயிட்ட, பிள்ளைங்க சத்தம் இல்ல. அதான் மரம் பேசறது உன் காதுல விழுது," என்றார்.

ஆயுள் முழுக்க மூன்றாம் வகுப்பைக் கட்டி மேய்த்த டீச்சர் அவள். போர்டில் எழுதிக்கொண்டே எந்த பெஞ்சில் எவன் காலை ஆட்டுகிறான் என்று திரும்பாமல் சொல்லிவிடுவாள். அந்தக் காதை ஏமாற்ற முடியாது. காற்றே இல்லாத மத்தியானத்தில் முன்வாசல் மே பிளவர் மரம் அடியிலிருந்து ஒரு முனகல் முனகியது. பழைய கட்டிலில் கனத்த ஆள் புரண்டு படுத்தால் வருமே, அந்த மாதிரி. அவளுக்குக் கை மயிரெல்லாம் சிலிர்த்துவிட்டது.

பெங்களூர் மர்பி டவுனில் முன்பக்கம் இவ்வளவு இடம் விட்ட வீடு இன்று அபூர்வம். கேட்டைத் திறந்தால் மரம். மரத்தின் மேலேயே முதுகைச் சாய்த்துக்கொண்டு, வீட்டைப் பார்த்தபடி ஒரு மாதா கெபி, குகை மாதிரி கட்டின சின்னக் கோயில். கெபிக்கும் வராந்தாவுக்கும் நடுவில் சிமெண்ட் முற்றம். மே மாதம் மாதாவின் வணக்க மாதம் அல்லவா, சாயந்தரம் ஆனால் தெருச்சனம் பாயும் பிளாஸ்டிக் நாற்காலியுமாக வந்து அந்த முற்றத்தில் உட்கார்ந்து ஜெபமாலை சொல்லும். மரமும் அந்த மாதத்தில்தான் உச்சி முழுக்கச் சிவந்து நிற்கும். "மாதாவுக்குக் குடை பிடிச்சிருக்கு பாரு" என்று வருகிறவர்கள் எல்லாம் அண்ணாந்து பார்த்துச் சொல்வார்கள். மௌரீனும் சொல்லியிருக்கிறாள். இந்த வருஷம் அண்ணாந்து பார்க்கவே பயந்தாள்.

கெபி ஆம்ப்ரோஸ் தன் கையால் கட்டியது. மகள் ஜூலியா சின்னப் பெண்ணாக இருந்தபோது டெங்கு வந்து, டாக்டரே பேச்சில்லாமல் நின்ற நேரத்தில், "பிள்ளையைக் கொடு தாயே, உனக்கு நானே வீடு கட்டறேன்" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் முட்டி போட்டு வேண்டிக்கொண்டார். பிள்ளை பிழைத்தது. சொன்ன சொல் தவறாத மனுஷன். ஒர்க்ஷாப்பில் ஷிப்ட் முடித்து வந்து, ஆள் வைக்காமல் கல் சுமந்தார். குறுக்கே கிடந்த வேர்களைக் கோடாலியால் தறித்தார். மரத்தைச் சுற்றி வட்டமாக சிமெண்ட் மேடை போட்டு, கையால் தேய்த்துத் தேய்த்து வழவழவென்று பூசினார். தறித்த வேர்கள் அந்தக் கிறிஸ்துமஸுக்கு பிரியாணி அடுப்பில் எரிந்தன. மண் அள்ளக் கூடை பிடித்தவள் மௌரீன்தான். மரத்தின் காலை வெட்டுகிறோம் என்று ரெண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. மாதாவுக்குச் செய்கிறோம் என்றுதான் தோன்றியது.

அந்த ஜூலியா இப்போது வைட்ஃபீல்டில் புருஷனோடு இருக்கிறாள், வாயும் வயிறுமாக. அம்மா போனில் புலம்பியதைக் கேட்டுவிட்டு, "மம்மி, எங்க அபார்ட்மென்ட் மரத்தையெல்லாம் பாக்கறதுக்கு ஒருத்தங்க வர்றாங்க. நிருபமான்னு பேரு. மரத்துக்கே டாக்டர் மாதிரி. நான் அனுப்பறேன், காசும் நான் தர்றேன். டாடிகிட்ட காசுப் பேச்சே எடுக்காதீங்க," என்றாள்.

நிருபமா வந்தாள். ஜீன்ஸ், தலையில் ஹெல்மெட், கையில் ஒரு சின்ன மரச் சுத்தியல். அடிமரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து தட்டினாள், காதை வைத்துக் கேட்டாள். தோள் உயரத்தில் தட்டியபோது கெட்டியான சத்தம். மேடைக்குப் பக்கத்தில் தட்டியபோது காலி டப்பாவைத் தட்டியது போல இருந்தது.

"அங்கிள், இதைக் கட்டும்போது வேர் வெட்டினீங்களா?"

ஆம்ப்ரோஸ் ஆகாயத்தில் ஏதோ விமானம் போகிற மாதிரி மேலே பார்த்தார். "வெட்டினோம்மா," என்றாள் மௌரீன். "பெரிய வேர்தான்."

"மேடை வேற மரத்தோட கழுத்தைப் பிடிச்ச மாதிரி இருக்கு ஆன்ட்டி. உள்ள போன தண்ணி வெளிய வர வழியே இல்ல. அழுகியிருக்கு. எவ்வளவு தூரம்னு உடைச்சுப் பாத்தாத்தான் தெரியும்."

"எதை உடைச்சு?" என்றார் ஆம்ப்ரோஸ்.

நிருபமா சுத்தியலைத் தாழ்த்திக்கொண்டாள். கெபியைப் பார்த்தாள். அவளுக்கும் சங்கடமாகத்தான் இருந்தது, பாவம்.

"செலவு?" என்று மௌரீன் பேச்சை மாற்றினாள்.

"எல்லாம் சேத்து அறுபதாயிரத்துக்கு மேல ஆகும் ஆன்ட்டி."

"அறுபதாயிரமா!" ஆம்ப்ரோஸ் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "என் ரெண்டு கண்ணு ஆபரேஷனுக்கே அவ்வளவு ஆகலம்மா! மரத்துக்கு என்ன, ஏசி ரூம் போடப் போறீங்களா?"

நிருபமா கோபப்படவில்லை. இந்தக் கேள்வியை வாரத்துக்கு நாலு வீட்டில் கேட்பாள் போலிருக்கிறது. "இதே மரம் மைதானத்துல நின்னா இதுல பாதிகூட ஆகாது அங்கிள். இது உங்க வீட்டுக்கும் கரண்ட் கம்பிக்கும் நடுவுல நிக்குது. அடி வேற சரியில்ல, ஏறுறவங்களுக்கும் ஆபத்து. ஒவ்வொரு கிளையையும் கயித்துல கட்டித்தான் இறக்கணும். ஏறுற ஆளுங்களுக்கு இன்சூரன்ஸ், அள்ளிட்டுப் போற லாரி, கார்ப்பரேஷன்ல பர்மிஷன், அப்புறம் கையாலயே சிமெண்ட்டை எடுத்து மண்ணைத் திறந்து விடற வேலை. மரம் எவ்வளவு உயரம்னு பாத்து நாங்க விலை சொல்றதில்ல. விழுந்தா எது மேல விழும்னு பாத்துத்தான் சொல்றோம்."

"அப்போ மாதா?"

"சிலையை வீட்டுக்குள்ள வெச்சுக்கலாம் அங்கிள். ஆனா கெபியை எடுக்காம வேர்கிட்ட போக முடியாது."

ஆம்ப்ரோஸ் எழுந்து உள்ளே போனார். "காபி குடிச்சுட்டுப் போகச் சொல்லு," என்று உள்ளிருந்து குரல் வந்தது. அவ்வளவுதான், கதவைச் சாத்தியாயிற்று.

அவர் பிடிவாதக்காரர், சரி. மௌரீனுக்கு என்ன வந்தது, அவள் வற்புறுத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அவளுக்கு இந்தப் பக்கமும் பயம், அந்தப் பக்கமும் பயம். பெண் பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கும்போது வீட்டில் எதையும் இடிக்கக் கூடாது, ஆணிகூட அடிக்கக் கூடாது. பைபிளில் எந்தப் பக்கத்திலும் இது இல்லை. ஆனால் மர்பி டவுனில் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும், அந்த வீட்டில் எந்தச் சாமி படம் மாட்டியிருந்தாலும், சொல்வார்கள். அதிலும் இடிக்கச் சொல்வது எதை? ஜூலியாவின் உயிருக்கு ஈடாகக் கட்டியதை. நாளைக்கு அந்தப் பெண்ணுக்கு ஒன்று ஆகிவிட்டால்? நிருபமாவுக்கு "யோசிச்சுச் சொல்றோம்மா" என்று மெசேஜ் அனுப்பிவிட்டாள்.

பயந்தவர்களுக்கு யோசனை சொல்ல ஆள் பஞ்சமா? எதிர்வீட்டு பெர்னதெத் அக்கா, "அறுபதாயிரமா? அந்தப் பொண்ணு உன் தலையில மொளகா அரைக்கப் பாக்குறா. நம்ம மஞ்சுநாத் பன்னெண்டாயிரத்துக்குப் பண்ணிடுவான். கட்டையையும் அவனே எடுத்துப்பான்," என்று சொல்லி, கையோடு ஆளையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

மஞ்சுநாத் மரத்தை ஒரு சுற்றுகூடச் சுற்றவில்லை. கேட்டில் நின்றபடியே மேலே பார்த்தான். "கெபியத் தொடவே வேணாம்மா. மேல பாரத்தக் கம்மி பண்ணிட்டா மரம் சும்னே நிக்கும். ஏனூ ஆகல்ல, ஒண்ணும் ஆகாது."

'கெபியைத் தொடவே வேண்டாம்.' அந்த ஒரு வார்த்தைக்கு அவள் பன்னிரண்டாயிரம் என்ன, கேட்டதைக் கொடுத்திருப்பாள்.

"பர்மிஷன் எல்லாம் வேணாமாப்பா?"

"ஞாயித்துக்கெழம யாரும்மா கேக்கப் போறாங்க?"

ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பேரும் பூசைக்குப் போய்விட்டு வந்து பார்த்தால், ரோட்டுப் பக்கத்துக் கிளைகள் ஒன்றுகூட இல்லை. மொட்டை. வீட்டுப் பக்கத்துக் கிளைகள் அத்தனையும் பூவும் காயுமாக அப்படியே முற்றத்துக்கு மேலே, வராந்தா ஓட்டுக்கு மேலே நிற்கின்றன. ரோட்டுப் பக்கம் வெட்டினால் தொப்பென்று ரோட்டில் விழும், வாரி டெம்போவில் போட்டுக்கொள்ளலாம். வீட்டுப் பக்கம் வெட்டக் கயிறு வேண்டும். அவனிடம் கயிறு ஏது?

"அந்தப் பக்கம் கை வெச்சா ஓடு போயிடும்மா. மழக்காலம் முடியட்டும், பாத்துக்கலாம்," என்று சொல்லிக் காசை எண்ணாமலே பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதையாகிப்போயிற்று. மரம் இப்போது ஒரு பக்கம் மட்டும் குடம் தூக்கின ஆள் மாதிரி வீட்டைப் பார்த்து நின்றது.

அதற்கப்புறம் முனகல் நிற்கவே இல்லை. மௌரீன் சமையலறையில் இருந்தாலும் கேட்டது, குளியலறையில் இருந்தாலும் கேட்டது. ஒருநாள் துடைப்பத்தோடு போனவள் கேட்டைப் பார்த்த பக்கம் சிமெண்ட் மேடையில் ஒரு விரிசலைக் கண்டாள். சுண்டு விரல் நுழைந்தது. ரெண்டு நாள் கழித்துக் கட்டைவிரல் நுழைந்தது. உள்ளே ஈரமாக, புளித்த வாடையாக இருந்தது. வெடுக்கென்று விரலை உருவிக்கொண்டாள். மேடை அந்தப் பக்கம் மேலே தூக்கிக்கொண்டு வருகிறது என்பது அப்போதுதான் புரிந்தது. மரம் வீட்டுப் பக்கம் விழப்போகிறது. அது விழும் இடத்தில்தான் சாயந்தரமானால் தெருவே உட்கார்ந்து ஜெபம் சொல்கிறது. முதல் வரிசையில், கெபிக்கு நேர் எதிரே, தன் புருஷன்.

போட்டோ எடுத்து நிருபமாவுக்கு அனுப்பினாள். அடுத்த நிமிஷம் போன் வந்தது.

"ஆன்ட்டி, யார் வெட்டினது இப்படி? சரி, அதை விடுங்க. முற்றத்துல இனிமே யாரும் கால் வைக்கக் கூடாது. முன் ரூம்ல படுக்காதீங்க. அவசரம்னு பர்மிஷனுக்குப் பேசிட்டு, நாளைக் காலைல ஆளுங்களோட வர்றேன். ஆனா கெபியை..."

"உடைச்சுடும்மா," என்றாள் மௌரீன்.

சொல்லிவிட்டுத் தன் வயிற்றில் கையை வைத்துக்கொண்டாள். மகளின் வயிற்றைப் பொத்துவதாக நினைப்பு. 'தாயே, கோபம் வந்தா என் மேல காட்டு, அவ மேல காட்டாத' என்று அழுதாள்.

பிறகு எதிர்வீட்டுக்கு ஓடினாள். "அக்கா, இன்னிக்கு ஜெபமாலைய உங்க வீட்ல வெச்சுக்கலாம். மரம் விழற மாதிரி இருக்கு."

"நல்லா இருக்கே! கெபிய வெச்சுக்கிட்டு டிவி முன்னாடி உக்காந்து ஜெபம் சொல்றதா? மழைன்னா குடை எடுத்துட்டு வர்றோம்," என்றாள் பெர்னதெத் அக்கா.

"குடை தாங்குற கனமாக்கா அது!" மௌரீன் போட்ட சத்தத்தில் பெர்னதெத் அக்கா வாயை மூடிக்கொண்டாள். அந்தத் தெருவில் மௌரீன் டீச்சர் கத்தி யாரும் கேட்டதில்லை. திரும்பி வந்ததும் சைக்கிள் பூட்டை எடுத்துக் கேட்டில் தொங்கவிட்டாள். இனி ஒரு ஈ காக்கா உள்ளே வராது. ஆனால் உள்ளே ஒருவர் இருக்கிறாரே, அவரை என்ன செய்வது?

ஆம்ப்ரோஸிடம் உண்மையைச் சொல்லித்தான் பார்த்தாள். நாளைக்கு உடைக்கிறார்கள் என்றதும் அவர் முகம் சுருங்கிப்போயிற்று. திட்டுவார் என்று நினைத்தாள், திட்டவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக் கெபிக்கு எதிரே போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"நாளைக்கு இடிக்கிறதா இருந்தா இடி. இன்னிக்கு நான் மாதாகூடத்தான் இருப்பேன்."

"என்னங்க, உள்ள வாங்க. காத்து கிளம்புது பாருங்க."

"நம்ம பிள்ளைக்காகக் கட்டினது. அவங்கள அம்போன்னு விட்டுட்டு நான் வரமாட்டேன்."

"உங்க கால்ல விழறேங்க. வாங்க."

"உனக்குத்தான் நம்பிக்கை போச்சு. எனக்குப் போகல."

வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மே மாத மழை பெங்களூரில் எப்படி வரும் என்று தெரியுமே, முதலில் காற்றுதான் வரும், ஆளைத் தூக்குகிற காற்று. தெருவில் யார் வீட்டுத் தகரமோ படபடவென்று அடித்தது. மே பிளவர் பூக்கள் ஆம்ப்ரோஸின் நரைத்த தலையிலும் தோளிலும் கொட்டின. அவர் கண்ணை மூடிக்கொண்டு ஜெபமாலை மணியை உருட்டிக்கொண்டிருந்தார். மௌரீன் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் உதறினார். மறுபடி இழுத்தாள். மூட்டுவலிக்காரர்தான், ஆனாலும் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு அசையவில்லை. "ஐயோ, யாராவது வாங்களேன்!" என்று கத்தினாள். காற்றில் அது அவளுக்கே கேட்கவில்லை.

அப்போது மரம் முனகவில்லை. பட்டென்று ஒரு சத்தம். காலுக்கடியில், சிமெண்ட்டுக்குக் கீழே.

மௌரீன் இதற்கு மேல் யோசிக்கவில்லை. கெபியின் கண்ணாடிக் கதவைத் திறந்தாள். 'மன்னிச்சுக்கோ தாயே' என்றாள், சொன்னாளோ நினைத்தாளோ. மாதாவை இடுப்போடு சேர்த்து அணைத்துத் தூக்கினாள். மூன்று வயசுப் பிள்ளையின் கனம். மாலை அறுந்தது, மெழுகுவர்த்தித் தண்டு உருண்டது. தூக்கிக்கொண்டு மரத்தைச் சுற்றிக் கேட்டைப் பார்த்து ஓடினாள்.

"ஏய்! என்னடி பண்ற? வை கீழ! மௌரீன்!"

அவள் திரும்பவில்லை. பூட்டுச் சாவி இடுப்பில் இருந்தது. பூட்டைத் திறந்தாள். பின்னால் நாற்காலி சரியும் சத்தமும், "பைத்தியக்காரி, விழுந்து உடைஞ்சா என்னாகும், கொடுடி இப்படி!" என்ற கத்தலும் வந்தன. கேட்டைத் தள்ளிக்கொண்டு தெருவில் இறங்கி, பெர்னதெத் அக்கா வீட்டுப் படிவரை ஓடினாள். மூட்டுவலிக்காரர் விந்தி விந்தி ஓடி வந்து, படியில் அவள் தோளைப் பிடித்தார்.

பிடித்த கை அப்படியே நின்றது. பின்னால் மரம் போயிற்று.

சத்தம் என்று அதைச் சொல்ல முடியாது. தெருவே ஒருமுறை அதிர்ந்தது. கரண்ட் போயிற்று. கேட்டுக்குப் பக்கத்து மண் வட்டமாகப் பெயர்ந்து, ஆம்ப்ரோஸ் தேய்த்துத் தேய்த்துப் பூசின மேடையையும் தூக்கிக்கொண்டு நிமிர்ந்து நின்றது. வேர் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக, ஊறின ரொட்டி மாதிரி என்னவோ இருந்தது. கெபியைக் காணோம். முற்றத்தைக் காணோம். வராந்தா ஓடு இருந்த இடத்தில் சிவப்புப் பூக்கள்தான் தெரிந்தன. நாற்காலியின் ஒரு கால் மட்டும் அடிமரத்துக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்தது.

மழை அப்புறம்தான் வந்தது.

பெர்னதெத் அக்கா குடையோடு வந்தாள், தெருவே கூடிவிட்டது. "மாதாவே வழி காட்டிக் கூட்டிட்டு வந்துட்டாங்க!" என்று யாரோ சொன்னார்கள். "அற்புதம்! அற்புதம்!" என்றார்கள். ஆம்ப்ரோஸ் படியில் உட்கார்ந்து, மடியில் சிலையை வைத்துக்கொண்டு, பல்லைக் கிட்டித்தபடி நடுங்கிக்கொண்டிருந்தார். மௌரீன் ஈரச் சுவரில் சாய்ந்து நின்றாள். அவள் முழங்கையில் தோல் உரிந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை.

ஜூலியாவிடமிருந்து போன் வந்தபோது அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. எடுக்கவே பயந்தாள். எடுத்தாள். "மம்மி, ஏன் ரெண்டு பேரும் போன் எடுக்கல? இங்க மழை பயங்கரம். நான் நல்லா இருக்கேன், பாப்பா உதைச்சுட்டே இருக்கா. நீங்க சாப்பிட்டீங்களா?" மௌரீன் சுவரோடு சரிந்து உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எவ்வளவு நாள் பயம், எல்லாம் சேர்ந்து வந்தது.

அன்று பெர்னதெத் அக்கா வீட்டுக் கூடத்தில் பாய் போட்டுப் படுத்தார்கள். டிவி பெட்டிக்குப் பக்கத்தில் மாதா. ரொம்ப நேரம் கழித்து ஆம்ப்ரோஸ் சொன்னார், "ஒரு வார்த்தை, மரம் முறியுதுன்னு கூப்பிட்டிருந்தா வந்திருக்க மாட்டேனா? அவங்களப் போய்த் தூக்கிட்டு ஓடினியே, கீழ போட்டிருந்தா?"

மௌரீன் எழுந்து உட்கார்ந்தாள்.

"கூப்பிடலையா? தொண்டை கிழியக் கூப்பிட்டேன். கால்ல விழறேன்னேன். கையப் பிடிச்சு இழுத்தேன், உதறினீங்க. நான் கூப்பிட்டா நீங்க வரல. அவங்களத் தூக்கினதும் ஓடி வந்தீங்க. அதான் தூக்கினேன்."

ஆம்ப்ரோஸ் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். அவர் தூங்கவில்லை என்று அவளுக்குத் தெரியும்.

காலையில் நிருபமா ஆட்களோடும் கிரேனோடும் வந்தாள். நின்ற மரத்துக்குக் கேட்டதைப் போல ரெண்டு மடங்கு ஆகும் என்று மெதுவாகச் சொன்னாள். கூரையின் மேல் கிடக்கும் மரத்தைத் துண்டு துண்டாகத் தூக்க வேண்டும், தவிர ஓடு, கம்பி, சுவர் எல்லாம் தனி. ஆம்ப்ரோஸ் இந்தத் தடவை கண் ஆபரேஷனை இழுக்கவில்லை. "பண்ணுங்கம்மா," என்றார்.

ஆட்கள் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆம்ப்ரோஸ் யாருக்கும் தெரியாமல் இடிபாட்டுப் பக்கம் நகர்ந்தார். நொறுங்கின கற்களுக்கு நடுவில் பித்தளை மெழுகுவர்த்தித் தண்டு மின்னியது. கெபி கட்டின வருஷம் ஒர்க்ஷாப் நண்பர்கள் சேர்ந்து வாங்கிக் கொடுத்தது அது. குனிந்து கையை நீட்டினார். அவர் தலைக்கு மேல் ஒரு முறிந்த கிளை ஓட்டில் தொக்கி ஆடிக்கொண்டிருந்தது.

மௌரீன் பார்த்துவிட்டாள். சத்தம் போடத் தெம்பில்லை. "என்னங்க," என்றாள், அவளுக்கே சரியாகக் கேட்காத குரலில். "வாங்க."

அவர் நீட்டின கையை இழுத்துக்கொண்டார். தண்டை அங்கேயே விட்டுவிட்டு, மூட்டைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, அவளிடம் வந்தார்.